அப்பா கல்லறையில் முட்டி நிற்கும் சுவர்

அன்பு மகன் செர்வாசியுசுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வரப்போவதில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

நம் கிளைக் கோயிலை ஆயர் தனிப் பங்காக உயர்த்திவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய செய்தி, எனக்கோ வயிற்றெரிச்சல். மூங்கில் தட்டி கட்டி உன் அப்பா அந்தக் கோயிலை எழுப்பியபோது பூசைக்கு வந்தது ஏழெட்டு வீடுதான். இது இதற்குமேல் எங்கே வளரப்போகிறது என்று நினைத்துத்தான் அவரை வாசலை ஒட்டியே புதைத்தோம். இப்போது மலைக்கு அந்தப் பக்கத்துச் சனமும் வந்து, பாதிப் பேர் வெயிலில் நின்று பூசை காண்கிறார்கள். புதுக் கோயிலுக்கு மூன்று பக்கம் சுவர் எழும்பிவிட்டது, நாலாவது சுவர் அப்பா கல்லறையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது.

கல்லறையை மாற்ற எனக்குச் சம்மதம்தான். ஆனால் தகப்பன் குழியில் சாராயம் ஊற்றி முதல் மண்ணை அள்ள வேண்டியவன் மூத்த மகன் அல்லவா? நீயோ கடல் தாண்டி சபாச் சீமையில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் இருந்துகொண்டு, “தம்பியே தோண்டட்டும், எனக்கு லீவு இல்ல” என்று அங்கிருந்து ஊர் திரும்பிய தோமினிக்கிடம் சொல்லியனுப்புகிறாய். உன் தம்பி கிளேத்துஸ், “அண்ணன் உசுரோட இருக்கையில நான் தொட்டா என் பிள்ளைங்களுக்கு ஆகாது” என்று கடப்பாரைப் பக்கமே வர மாட்டேன் என்கிறான். சாமியார் வெளித்தீவுக்காரர், ஒரு ஜெபம் சொல்லித் தானே தோண்டட்டுமா என்றார். “கோயில் உங்களுது சாமி, எலும்பு எங்களுது” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பிறகு அதையும் அவரிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதாயிற்று, போ! நேற்று குழாயடியில் பக்கத்து வீட்டு யுவெந்தா, “கோயிலைக் கட்டுனதும் உங்க வீட்டுக்காரர்தான், இப்ப மறிச்சுப் படுத்திருக்கிறதும் அவருதான்” என்றாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மழைக்கு முன்னால் கூரை ஏற வேண்டும். கல்லறைத் திருநாள் வரைக்கும் பொறுக்கச் சொல்லி ஊரைக் கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன். அதற்குள் நீ வரவில்லையென்றால் நானே மண்வெட்டியை எடுப்பேன். ஆண்பிள்ளை ஒருவனும் உயிரோடு இல்லாத வீட்டில்தான் பெண்சாதி தொடலாம் என்பது நம் வழக்கம், உனக்குத் தெரியாததல்ல. நான் தொட்டால் ஊர் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளுமோ, அதையே நானும் எடுத்துக்கொள்வேன். கிளேத்துஸிடமும் சொல்லிவிட்டேன்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் என் பேரில் நெற்றியில் சிலுவை வரைந்து விடு. மாதா உங்களைக் கைவிடாமல் காப்பாளாக. லரந்துக்கா துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினால் நேரே கோயிலுக்கு வா, வீட்டுக்கு அப்புறம் போகலாம்.

இப்போதைக்கு உன் அம்மா,
தோரோத்தேயா