சோடியத்துக்கு ஒன்று குறைந்தால்

அன்புள்ள மகன் அழகனுக்கு, றொசல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், திருச்சிக் கல்லூரியில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை. எழுத வேண்டுமே என்று இதை எழுதுகிறேன், உண்மையில் எனக்கு உன்மேல் கோபம். உன் தங்கை சண்முகவடிவு ஹட்டனில் விஞ்ஞான வகுப்பில் சேர எழுதிய சோதனையில் தவறிவிட்டாள். சோடியம் அணுவில் புரோத்தனும் இலத்திரனும் பதினொன்றுக்குப் பதினொன்று சரியாக இருக்கிறதாம், அதனால் அணுவுக்கு மின்னேற்றம் எதுவும் கிடையாதாம். அதுவரை ஒழுங்காக எழுதியிருக்கிறாள். ஒரு இலத்திரன் போய்விட்டால் என்ன ஆகும் என்றதற்கு மறை ஏற்றம், கழித்தல் குறி என்று எழுதிவிட்டாள், அதைத் தொட்டு வந்த கேள்விகளும் பிழையாகிவிட்டன. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்த றாத்தல் நமக்கு என்றைக்காவது கூடுதலாகத் திரும்பியிருக்கிறதா? பறிகொடுத்தவனுக்குக் குறைவுதான் என்று இந்த லயத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானும் சொல்லியிருப்பேன். விடை நேர் ஏற்றமாம்.

இதைத்தானே சித்திரை லீவில் அவள் புத்தகத்தோடு உன் பின்னால் வந்து கேட்டாள்? நாளைக்குச் சொல்றேன் போ என்று விரட்டிவிட்டு நீ ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போனாய், அப்புறம் கப்பலேறிவிட்டாய். பாடம் எடுத்த வாத்தியாரும் கொழும்புக்கு மாறிப் போய்விட்டார். பெரிய வாத்தியார் இரக்கப்பட்டு அடுத்த மாதம் இன்னொரு முறை எழுத விடுகிறேன் என்றிருக்கிறார். நேர் என்று எழுதிவிட்டு வா தாயி என்று கெஞ்சிப் பார்த்தேன், ஏன்னு வெளங்காம எழுத மாட்டேம்ப்பா என்கிறாள். இந்தப் பிடிவாதம் உன் அம்மாவிடமிருந்து வந்தது, வாய்விட்டுச் சொன்னால் சண்டைக்கு வருவாள். இந்த முறையும் தவறினால் மலையில் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துவிடச் சொல்கிறார் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு. நேற்று அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது கட்டும் படங்குச் சாக்கை எடுத்துத் தன் இடுப்பில் கட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு எழுதட்டுமா என்றேன். வேணாம்ப்பா, அண்ணே சிரிக்கும் என்றாள்.

வெயிலில் அலையாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். கடிதம் கண்டவுடன் பதில் போடு, அவள் பேருக்கே போடு, ஏன் நேர் என்று சிரிக்காமல் எழுது. எங்கள் சுகம் விசாரிக்கத் தாளில் இடமில்லாவிட்டால் விட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
செல்லசாமி