வாசல் விளக்குப் பலகையின் பழைய படம் குறித்து

அனுப்புநர்:
பள்ளி வேன் ஓட்டுநர்,
நூலக உறுப்பினர் எண் 2217.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
நூலகத் துறை.

பொருள்: நான் வரைந்த மின்சுற்றுப் பலகைப் படம் அனுமதியின்றி எடுக்கப்பட்டது – அதில் உயிருக்கு ஆபத்தான பிழை உள்ளது – விடுதியில் பொருத்துவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடையே எனக்கு நான்கு மணி நேரம் ஓய்வு. வேனுக்குள் வெந்துகொண்டிருப்பதற்கு நூலகக் கணினி அறை மேல் என்று வந்தேன். மின்சுற்றுப் பலகை வரையும், இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள் ஒன்றை, ஜன்னலோர நான்காம் கணினியில், ஏழு மாதம் தட்டுத்தடுமாறி நானே கற்றேன். என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேளாது. வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால் அவர் அறை விளக்கு மினுக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பாடு.

2. கணினி அறைப் பொறுப்பாளர் அடிக்கடி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். "முடிஞ்சுதாம்மா?" என்று ஒரே வாரத்தில் மூன்று முறை கேட்டார். அக்கறை என்று எண்ணினேன். முடிந்தது என்று சொன்ன மறுநாள் என் கோப்பைக் காணவில்லை. "வைரஸ் வந்துச்சு, அழிச்சிட்டேன்" என்றார். அதே கணினியில் யாரோ வைத்திருந்த கல்யாண அழைப்பிதழை அந்த வைரஸ் தொடவேயில்லை.

3. என்னிடம் பென் டிரைவில் ஒரு பிரதி இருந்தது. மின்பணியாளரான என் கணவரிடம் அதை அச்செடுத்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்காவைப் பார்க்க வர்றவங்க மேலோகம் போயிடுவாங்க" என்றார். விளக்குக்குப் போகும் மின்தடமும் பொத்தானுக்குப் போகும் தடமும் ஒட்டினாற்போல் இருந்தன. ஈரக் கையோடு அழுத்தினால் ஆள் மிஞ்சாது. ஒரு மாதம் இரவல் மடிக்கணினியில் மீண்டும் வரைந்து திருத்தினேன். இன்று அக்கா வீட்டில் இருப்பது திருத்திய பலகை.

4. நேற்று நூலகக் கண்காட்சியில் பொறுப்பாளரின் பெயரில் முதல் பரிசு பெற்றிருந்தது என் பழைய படத்தின்படி செய்த பலகை. படத்தில் 'வாசல்' என்பதை நான் அவசரத்தில் 'வாசால்' என்று அடித்திருந்தேன். அதுவும் அப்படியே இருந்தது. கேட்டபோது, "இலவச சாஃப்ட்வேர்தானேம்மா, அதுல வரைஞ்சா எல்லாருக்கும் பொதுதான்" என்றார். பொதுக்கிணற்றில் இறைத்தாலும் என் குடம் என் குடம்தானே, ஐயா? பிழையைச் சொன்னேன். பொறாமை என்று சிரித்தார்.

5. அவர் எடுத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. சந்தேகம் மட்டுமே, ஆனால் வலுத்த சந்தேகம். ஆயினும் அதைவிட அவசரம் ஒன்று உண்டு. வரும் திங்கட்கிழமை, காது கேளாதோர் விடுதியின் பன்னிரண்டு அறைகளிலும் இப்பலகை பொருத்தப்படும் என்று மேடையில் அறிவித்தார்கள்.

ஆகவே, முதலில் அந்த வேலையை நிறுத்த வேண்டுகிறேன். திருத்திய படத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தகுதியுள்ள மின்பொறியாளர் ஒருவர் சோதித்தபின் விடுதிக்குப் பயன்படுத்தலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. விசாரணையைச் செவ்வாய்க்கிழமை தொடங்கினாலும் சரி; ஆனால் தொடங்க வேண்டும்.

இம்மனுவை நூலகப் புகார்ப் பெட்டியில் போடாமல் தங்கள் கையிலேயே தருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பெட்டியின் சாவி பொறுப்பாளரிடம் இருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் தந்தால் நிம்மதியாக மாலை நடைக்குக் கிளம்புவேன்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: வியாழக்கிழமை, பகல் 1.40

இப்படிக்கு,
(ஒப்பம்)
பள்ளி வேன் ஓட்டுநர்

இணைப்பு: பழைய படம் 1, திருத்திய படம் 1, பென் டிரைவ் 1 (பிரதி என்னிடமும் உள்ளது)