நீ அடைத்து வைத்த ஓட்டை

மாப்ளே,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தோம். சம்பந்தியம்மா புதிதாக வாங்கிய எவர்சில்வர் குடத்தைக் காட்டினார்கள். அவர்கள் உள்ளே திரும்பிய நேரத்தில் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய், உன் காந்தத்தை எடுத்துக் குடத்தில் வைத்துவிட்டது. நல்ல எவர்சில்வர் என்றால் ஒட்டாது. ஒட்டிக்கொண்டது. பிடுங்குவதற்குள் அவர்களும் வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, அப்படியே எங்க பையனையும் ஒருக்கா வெச்சுப் பாத்துருங்களேன்" என்றார்கள்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து நீ கழற்றிய காந்தம் அது. நம் மலையூர் நாகலூரிலிருந்து மஞ்சக்குட்டைக்கு நீ ஷேர் ஜீப் ஓட்டிய காலமெல்லாம் உன் பையில் கிடந்தது. நீ போன பிறகு என்னிடம் வந்தது. உன் சந்தேகப் புத்தியும் கூடவே வந்துவிட்டது.

பழைய வண்டி வாங்க யார் போனாலும் உன்னைத்தான் கூட்டிப்போவார்கள். துரு தின்ற இடத்தைப் பட்டிப் பசை பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாமல் நழுவும். "சிரிச்சுக்கிட்டே விக்கறவன் வண்டிய ரெண்டுக்கா பாக்கோணும்" என்பாய். நாம் கூட்டாகச் சேலத்தில் வாங்கினோமே, நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பழைய வேன், அதை நீ மூன்று தடவை பார்த்தாய். விற்றவர் சிரிக்கவே இல்லை. அதிலும் உனக்குச் சந்தேகம்.

அதற்குள்ளேயே சமைத்துத் தூங்கி, ரெண்டு குடும்பமும் ஊர் ஊராகப் போவது என்று திட்டம். லாட்ஜ் தலையணையில் யார் யார் தலை வைத்தார்களோ என்பது உன் கவலை. கட்டில், அடுப்புப் பெட்டி, பாத்திரம் கழுவும் சிங்க் எல்லாம் உன் வேலை. சீட் கவர் தைக்கிற எனக்கு மெத்தையும் திரையும். சிங்குக்குக் குழாய் வைப்பதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது.

மீதியை நான் முடிக்கலாமென்று, என் கடையோரம் நின்ற வேனின் தார்ப்பாயை விலக்கி, தரைப் பலகையைத் தூக்கினேன். தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பெயிண்ட் புதிது. காந்தத்தை வைத்தேன். நழுவியது.

மூன்று தடவை பார்த்த நீ இதை எப்படி விட்டாய்? விடவில்லை, மறைத்திருக்கிறாய் என்று தோன்றியது. அதன்பிறகு எல்லாமே அதற்குத் தோதாகத்தான் ஞாபகம் வந்தது. மெத்தைக்கு ஃபோம் சுருளோடு நான் வந்த அன்று நீ பின்கதவை மறித்து நின்றாய். "இப்ப உள்ள போகாத, பெயிண்டு காயோணும். வா, டீ குடிக்கலாம்" என்றாய். நீ வாங்கித் தந்த டீ! அன்றைக்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். அழுகின வண்டி என்று தெரிந்தே என்னைக் கூட்டுச் சேர்த்தாயோ? விற்றவரும் நீயும் முன்பே பேசி வைத்துக்கொண்டீர்களோ? ஒரு மாதம் உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. செத்தவன்மேல் சந்தேகப்படுவது பெரிய தொந்தரவு மாப்ளே. கூப்பிட்டுக் கேட்க முடியாது.

கடைசியில் உன் மனைவி, என் தங்கச்சி, அவளே கடைக்கு வந்தாள். வேன் என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் அந்தப் பட்டியைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதுங்களாண்ணா? சிங்குத் தண்ணி எறங்க அவரு போட்ட ஓட்டைங்க. கீழ குனிஞ்சு பாக்காமப் போட்டு, நேரா சைலன்சர் மேல வந்துருச்சு. 'அவனுக்குத் தெரிஞ்சா நாகலூரு முச்சூடும் சொல்லிச் சிரிப்பான்'னு அன்னிக்கே அடைச்சுப்போட்டாருங்க. எங்கிட்டச் சத்தியம் வேற வாங்கிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ ஜீப்பைப் பின்னால் எடுத்துக் கோழிக்கூண்டை இடித்ததை எத்தனை வருஷம் சொல்லித் திரிந்தேன்! ஒரு கோழிகூடச் சாகவில்லை. செத்த ஐந்தும் நான் கதையில் சேர்த்தவை. ஊரையே சந்தேகப்பட்ட நீ, பயந்தது என் வாய்க்கு. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் உன்னைத் திருடன் என்று நினைத்துவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது ஏதாவது சொதப்பிவிட்டு என் முகத்தைப் பார்த்தால், நான் சிரிக்காமல் திரும்பிக் காப்பிச் செடியைப் பார்க்கிறேன். இன்னும் சரியாகப் பழகவில்லை.

உன்னைச் சந்தேகப்பட்டதைத் தங்கச்சியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியமில்லை. மீதி வேலையும் முடிந்து, நேற்று வேன் முதல் பயணமாகக் கொட்டச்சேடு போனது. பின்னால் அவளும் என் வீட்டுக்காரியும். திரும்பும்போது ஒரு டீக்கடையில் நிறுத்தி, நான் மட்டும் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஏறினேன். பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் வண்டியைக் கிளப்பினேன்.

என் சீட்டுக்குப் பின்னால் நான் தைத்த திரை தொங்கியது. இதுதான் சமயமென்று, பலகையைத் தூக்கியதிலிருந்து எல்லாவற்றையும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். திருடன் என்று நினைத்ததைச் சொன்ன இடத்தில் அழுதுவிட்டேன். "மன்னிச்சுக்க தாயி" என்றேன். பதில் இல்லை. அவளும் அழுகிறாள் போல என்று வளைவுகளில் மெதுவாகவே ஓட்டினேன்.

நாகலூரில் நிறுத்தித் திரையை விலக்கினேன். கட்டில்மேல் ஒரு சொம்பு மட்டும் இருந்தது. நான் கேட்டது, அவர்கள் டீ குடிக்க இறங்கிச் சாத்திய கதவு. இருவரும் அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்.