கயிற்றுக்குள் அடங்கும் வண்டி

மார்ச் 4

முதலாளியம்மாவுக்கு,

நான் நலம். நீயும் உன் வலது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்?

கவர் கனமாக இருக்கிறதே என்று பயப்படாதே. உள்ளே சண்டை இல்லை, கயிறுதான் இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு சின்ன டிராக்டர் வேண்டும்.

மாமா விட்டுப்போன இந்தப் பன்னிரண்டு ஏக்கர் காட்டை இரண்டு வருடமாகக் கைவண்டியும் கோடாலியும் வைத்துத்தான் சமாளிக்கிறேன். போன மாதம் அடித்த காற்றில் ஏழு மரம் பாதையில் விழுந்துவிட்டது. தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் மேடு. விழுந்த மரத்தை இழுக்க வேண்டும், பாதையைச் சமன் செய்ய வேண்டும், விறகு ஏற்ற வேண்டும். என் இடுப்பு 'நான் ராஜினாமா' என்கிறது.

நான் கடைக்குப் போனால் என் முகத்தைப் பார்த்து விலையை ஏற்றுவான். நீ போனால் உன் முகத்தைப் பார்த்து இறக்குவான். ஆகவே நீதான் பார்த்துக்கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஏழு லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

பாதையில் மிகக் குறுகலான இடம் இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில். காவல்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு, சுற்றிப் போக வழியில்லை. டேப் துருப்பிடித்துவிட்டது, அதனால் அந்த இடைவெளியைக் கயிற்றால் அளந்து வெட்டி அனுப்பியிருக்கிறேன். வண்டி அதற்குள் அடங்க வேண்டும். கொஞ்சம் ஒடுக்கமாகவே இருந்தால் நல்லது. 'ஒரு மரத்தை வெட்டிவிட்டால் போச்சு' என்று மட்டும் எழுதாதே.

பின்னால் மாட்ட ஒரு டிரெயிலரும் வேண்டும். அதன் பக்கவாட்டில் ஏறுவதற்கு ஒரு படி இருக்கட்டும்.

இன்னும் உன்
வீட்டுக்காரன்


மார்ச் 12

காட்டு ராஜா சமூகத்துக்கு,

கடிதம் கிடைத்தது, கயிறும் கிடைத்தது. முழங்கால் மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறது. மற்றபடி நலம்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் உங்களைக் கேட்காமல் மரவாடிக்காரரிடம் அந்தக் காட்டு மரங்களுக்கு விலை பேசி நான் அட்வான்ஸ் வாங்கினேன். நீங்கள் அதைக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டீர்கள். போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷம் அங்கேதான் போய் நிற்கிறோம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அது எனக்கு வசதி. அதனால் அந்தப் பேச்சை இங்கேயே மடித்து வைக்கிறேன். டிராக்டரைப் பேசுவோம்.

ஐயோ, என்ன ஒரு வியாபாரங்க இது! இருபத்திரண்டு வருஷமாக ஆணி, கயிறு, பம்பு, பைப் என்று விற்றுக்கொண்டிருக்கிறேனே, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே! ஒரே வாரத்தில் மூன்று இடம் ஏறி இறங்கிவிட்டேன். கூட நம் மெக்கானிக் அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். ஸ்க்ரூடிரைவரை இன்ஜின்மேல் நட்டுக் காதை வைத்துக் கேட்பாரே, அவரேதான்.

முதல் ஷோரூமில் டை கட்டின ஒரு தம்பி. "காடுன்னா நாப்பத்தஞ்சு குதிரை சக்தியாவது வேணும் மேடம்" என்றான். "தம்பி, நான் காட்டை இழுத்துட்டு வரச் சொல்லல. காட்டுக்குள்ள போயிட்டு வரணும், அவ்வளவுதான்" என்றேன். கயிற்றை எடுத்து அவன் வண்டி முன்னால் பிடித்தேன். வண்டி ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது.

ரெண்டாவது இடம் பழைய வண்டி விற்கிறவர். மூன்றரை லட்சம், பளபளவென்று சிவப்பு. அண்ணன் எண்ணெய் பார்க்கிற கம்பியை உருவி என்னிடம் நீட்டினார். பால் ஊற்றின டீ நிறத்தில் இருந்தது. "உள்ளே தண்ணி இறங்கியிருக்கும்மா. புதுப் பெயிண்ட்டெல்லாம் மாப்பிள்ளை தலைக்கு அடிச்ச டை. வயசை இன்ஜின் சொல்லிடும்" என்றார். ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

மூன்றாவது கடைக்காரர் தடிக் கண்ணாடி போட்டவர். விவரமான ஆள், அதாவது என் ஜாதி. அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இருபத்தைந்து குதிரை சக்தி உங்களுக்குத் தாராளம். ஈர இலைமேல் மேடு ஏற நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். மரத்துக்கு நடுவில் முன்னும் பின்னும் நூறு தடவை போக வேண்டியிருக்கும், ஆகையால் கிளட்சை மிதித்து மிதித்துச் சாகாமல் ஒரே பெடலில் போய்வரும் மாடல்தான் சரி. அதற்கு எண்பதாயிரம் கூட. இதில் நான் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். அடிக்கட்டை குத்தாமல் வண்டியின் அடிவயிற்றுக்கு இரும்புத் தகடு. தலைக்கு மேல் காப்பு வளைவு, கிளை இடித்தால் மடக்குகிற மாதிரி. மடக்கினால் தாண்டினதும் நிமிர்த்திவிட வேண்டும், பெல்ட்டும் போட வேண்டும். உங்களைத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

இவர்கள் விலை சொல்கிற அழகு இருக்கிறதே! ஆறு நாற்பது என்று சிரிக்கிறார். மண் தள்ளும் பிளேடு தனி, தகடு தனி, கொக்கி சங்கிலி தனி, டிரெயிலர் தனி, லாரி வாடகை தனி. கூட்டினால் எட்டைத் தாண்டுகிறது. "ஏங்க, சட்டை விலை சொல்லிட்டு பட்டனுக்குத் தனியாக் கேட்பீங்களா? வேலை செய்யற நிலையில என் வீட்டுக்காரர் கையில சாவி குடுக்க எவ்வளவு, அதை ஒரே தாளில எழுதுங்க" என்றேன். எழுதட்டும், பார்ப்போம்.

ஒரு சந்தேகம். விறகுக்கு எதுக்குங்க படி?

இப்படிக்கு,
முதலாளியம்மா


மார்ச் 18

முதலாளியம்மாவுக்கு,

உன் கடிதத்தை ரோட்டோரத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து அங்கேயே கல்மேல் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். சட்டை பட்டனுக்குச் சிரித்த சிரிப்பில் அணில் ஓடிவிட்டது.

நீ சொன்ன எல்லாவற்றுக்கும் சரி. டிரெயிலர் நாலடி அகலத்துக்கு மேல் வேண்டாம்.

பாதையில் விழுந்த ஏழில் நாலு மரத்தைக் கையாலேயே அறுத்து ஒதுக்கிவிட்டேன். வீட்டின் கிழக்குப் பக்க அறைக்கு வெள்ளை அடித்தேன். வாசல் படிக்கட்டு நாலு இருந்தது. மண்ணை ஏற்றி ரெண்டாகக் குறைத்துவிட்டேன். அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை.

படி விறகு ஏறத்தான். இந்தப் பக்கத்து விறகுக்குக் கொஞ்சம் முழங்கால் வலி.

வீட்டுக்காரன்


மார்ச் 27

என்னங்க,

முடிச்சாச்சு! முடிச்சாச்சு! முடிச்சாச்சு!

முதல் கடை போட்ட அன்றைக்குக்கூட நான் இப்படிக் குதிக்கவில்லை. முழங்கால் ஞாபகமே இல்லை, பிறகுதான் ஞாபகப்படுத்தியது.

கண்ணாடிக்காரர் ஒரே தாளில் எழுதி நீட்டினார். ஏழு தொண்ணூறு. நான் படித்தேன், மடித்தேன், திருப்பிக் கொடுத்தேன். டீ வந்தது. குடித்தேன். ஏழு அறுபது என்றார். "டீ நல்லா இருக்கு" என்றேன். ஏழரை. மூலையில் தார்ப்பாய் மூடி ஒரு வண்டி நின்றது. அது என்ன என்றேன். அதே மாடல்தான், கண்காட்சிக்குக் கொண்டுபோனதாம். நாற்பது மணி நேரம்தான் ஓடியிருக்கிறது, முழு கியாரண்டி உண்டு, டயர் மட்டும் கொஞ்சம் அகலம். அண்ணன் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்கிற மாதிரி தலையாட்டினார். எனக்கு அது போதும்.

பையிலிருந்து கயிற்றை எடுத்துப் பின் டயரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிடித்தேன். உள்ளே அடங்கி நாலு விரல் மிச்சம். நீங்கள் ஒடுக்கமாகக் கேட்டது ஞாபகம் இருக்கிறது. ஒடுக்கமான புது வண்டிக்கு எழுபதாயிரம் கூட. நாலு விரல் போதாதா?

"இது எல்லாம் சேர்த்து ஆறரை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்." "சாத்துங்க, பூட்டு நான் தர்றேன், என் கடையில நல்ல பூட்டு இருக்கு." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழுக்கு வந்து நின்றார், அசையவில்லை. நான் எழுந்தேன். வாசலில் ஒரு செருப்பை மாட்டினேன். மற்ற செருப்பை மாட்டவில்லை. மொத்த வியாபாரமும் அந்த ரெண்டாவது செருப்பில்தான் இருக்கிறது. "அம்மா, உட்காருங்க" என்றார்.

ஆறு எண்பத்தைந்து. பிளேடு, தகடு, கொக்கி, சங்கிலி, நாலடி டிரெயிலர், லாரி வாடகை எல்லாம் உள்பட.

"கொசுறு என்ன தருவீங்க?" என்றேன். "டிராக்டருக்கு ஏதும்மா கொசுறு? இதென்ன காய்கறியா?" என்றார். "என் கடையில பத்தடி கயிறு கேட்டாலும் ஒரு சாண் சேர்த்துத்தான் வெட்டுவோம். அந்தச் சாணுக்காகத்தான் ஆள் திரும்பி வர்றான்" என்றேன். ரெண்டு ஃபில்டரும் முதல் சர்வீஸும் வாங்கிவிட்டேன். படியை மட்டும் பக்கத்து வெல்டிங் பட்டறையில் நான் நின்று அடிக்க வைத்தேன். என் கால் வைத்துப் பார்த்தேன். விறகுக்கு உயரம் சரியாக இருக்கும்.

மூன்றாம் தேதி லாரி வரும்.

முதலாளியம்மா


ஏப்ரல் 5

முதலாளியம்மாவுக்கு,

வண்டி வந்தது. என்ன அழகு! இரண்டு நாளில் மீதி மூன்று மரத்தையும் சங்கிலி போட்டு இழுத்து ஒதுக்கினேன். பிளேடை இறக்கினால் மண் வெண்ணெய் மாதிரி விலகுகிறது. அறுபது வயதில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுக் கத்தினேன். கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

ஆனால் காவல்காரர்களிடம் வந்து நின்றுவிட்டது. நுழையவில்லை. மூன்று தடவை பின்னால் வந்து நேராக விட்டுப் பார்த்தேன். இரண்டு டயரும் பட்டையில் உரசுகிறது. ரோட்டோரக் கடையில் டேப் இரவல் வாங்கி அளந்தேன். வண்டி ஆறு அங்குலம் அதிகம். உன்மேல் குறை சொல்லவில்லை. நான்தான் எங்கேயோ தப்பாகப் பிடித்து அளந்திருக்கிறேன்.

நேற்று இருட்டுகிறவரை அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு இடது மரத்தில் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டேன். அது போனால் வண்டி வீடு வரைக்கும் வரும். டிரெயிலரும் வரும், படியும் வரும். இந்தக் காட்டில் ஒரு மரத்தைத் தொட்டால் பார் என்று உன்னிடம் கத்திவிட்டு வந்தவன் நான். இப்போது நானே ரம்பத்துக்குச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். மரத்துக்கு நல்ல விலையும் கிடைக்கும். அதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உன் பதில் வரும்வரை ரம்பத்தை எடுக்க மாட்டேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

வீட்டுக்காரன்


ஏப்ரல் 8

என்னங்க,

ரம்பத்தைக் கீழே வையுங்கள். மீதியை அப்புறம் படியுங்கள்.

வைத்தாச்சா?

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். ஆறு அங்குலம் எப்படி வரும்? கயிறு என் பையில் இருக்கிறது, வண்டி அதற்குள் அடங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், அப்போது ஒருத்தர் வந்து எட்டடி கயிறு கேட்டார். அளந்தேன், கத்தியை வைக்கிறதுக்கு முன்னால் கை தானாக ஒரு சாண் தள்ளிப் போனது. அப்படியே நின்றுவிட்டேன். பிறகு சிரித்த சிரிப்பில் கயிறு கேட்டவர் ரெண்டு அடி பின்னால் போய்விட்டார்.

நீங்கள் சரியாகத்தான் அளந்தீர்கள். வெட்டும்போது ஒரு சாண் சேர்த்து வெட்டிவிட்டீர்கள்! சாண் ஒன்பது அங்குலம், அதில் என் நாலு விரல் மிச்சம் மூன்று போனால் மீதி ஆறு. கணக்கு கச்சிதம். இருபது வருஷம் என் கடையில் நின்று கயிறு வெட்டின கை, காட்டுக்குப் போன பிறகும் எனக்கே கொசுறு கொடுத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது நான். ஒடுக்கமான வண்டியை விட்டுவிட்டு எழுபதாயிரத்துக்கு ஆசைப்பட்டதும் நான்தான்.

இப்போது கவனியுங்கள். மெக்கானிக் அண்ணனைக் கேட்டேன். பின் சக்கரத்தின் நடுத்தகடு ஒரு பக்கம் குழிந்திருக்கிறது. இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாற்றிப் போட்டால் குழி திரும்பும், டயர் உள்ளே ஒதுங்கும். ரெண்டு பக்கமும் சேர்த்து எட்டு அங்குலம் குறையுமாம். மரத்துக்கும் டயருக்கும் நடுவில் ஆளுக்கு ஒரு அங்குலம். காவல்காரர்கள் சட்டை கசங்காது. வண்டி கொஞ்சம் ஒடுங்கி நிற்கும், சரிவில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். நீங்களாக ஜாக்கி போடாதீர்கள். வெள்ளிக்கிழமை அண்ணனே வந்து மாற்றித் தருவார், கூலி பேசியாச்சு, எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

மடித்து வைத்ததைப் பிரிக்கிறேன். அன்றைக்கு அந்த மரங்களுக்கு விலை பேசினேனே, அருமையான விலை. இன்றைக்கும் சொல்வேன், அந்த விலைக்கு யாராலும் முடித்திருக்க முடியாது. ஆனால் தப்பு. என்னுடையது இல்லாத சரக்கை விற்றேன். கேட்டிருந்தால் நீங்கள் முடியாது என்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இதை எழுத ரெண்டு வருஷம் ஆகியிருக்கிறது. நீங்கள் சுண்ணாம்பு எடுத்ததைப் படிக்காமல் இருந்திருந்தால் இன்னும் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்.

அந்தச் சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

கடைக்குப் பத்து நாள் பூட்டு. வாசலில் போர்டு எழுதி மாட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை, எதிர்க்கடைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க வந்துவிட்டார். பத்து நாளுக்குப் பிறகு என்ன என்பதை அந்த வெள்ளை அடித்த அறையில் உட்கார்ந்து பேசுவோம். நீங்கள் குறுக்கே பேசலாம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரோட்டோரத்தில் டிரெயிலரோடு நில்லுங்கள். கயிற்றையும் கொண்டுவருகிறேன். அதில் அதிகமாக இருக்கிற சாணை நீங்கள் வெட்டக்கூடாது.

இப்படிக்கு,
விறகு