மீட்டர் மேல் வைத்த பொட்டு

என் பாசத்தையும் கோபத்தையும் ஒன்றாக வாங்கிக்கொண்டு போய்விட்ட அப்பாவுக்கு,

நம் காரின் மீட்டரைச் சரிபண்ணிவிட்டேன். இனி வேகம் தெரியும், பெட்ரோல் தெரியும், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதும் தெரியும். அதோடு சேர்த்து இன்னொன்றும் தெரிந்துவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் அங்கே சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. இன்று உங்களோடு எனக்குச் சண்டை.

தை மாதம் நீங்கள் போனதிலிருந்து வண்டி இலஞ்சி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மாவுக்கு முட்டி வலி முற்றிவிட்டது. வாரம் ஒருமுறை தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். இப்போது சாரல் வேறு ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தில் பஸ்ஸில் அவளை எப்படி ஏற்றுவேன்? பீரோவைத் திறந்து, உங்கள் வெள்ளைச் சட்டைப் பையில் கைவிட்டு, சாவியை எடுத்தேன்.

அம்மா கட்டிலில் இருந்தே கத்தினாள். "ஏட்டி, வேண்டாம்ட்டி! ஏற்கனவே ஒரு தடவ வண்டியக் கெடுத்தவ நீ. அவ்வோ ஆத்மா சாந்தியா இருக்கட்டும்."

பார்த்தீர்களா? பதினொரு வருடம் ஆகியும் இந்த வீட்டில் என் பெயர் அதுதான். வண்டியைக் கெடுத்தவள். சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் சொன்னார்கள், தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை.

அன்று எனக்குப் புளியங்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வு. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கார் ஓட்டச் சொல்லித்தந்ததும் நீங்கள்தான், "பயப்படாம கொண்டுபோட்டி" என்று சாவியைக் கையில் தந்ததும் நீங்கள்தான். கடையநல்லூர் தாண்டியதும் முன்பக்கம் புகை வந்தது. ஓரங்கட்டுவதற்குள் என்ஜின் சூட்டில் இறுகிப் பிடித்து நின்றுவிட்டது. நல்ல புடவையோடு ரோட்டோரம் நின்று உங்களுக்குப் போன் போட்டேன்.

நீங்கள் வந்தீர்கள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. டீக்கடை முன்னால் அத்தனை பேர் நிற்க, பானெட்டை ஓங்கி அடித்துவிட்டு, "மீட்டரப் பாக்காம எங்கட்டி பாத்து ஓட்டுன?" என்றீர்கள். வழி முழுக்க மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன் அப்பா. ஆனால் நீங்கள் சொன்னதும், பார்க்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் பேச்சின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த வேலை போனது. என்ஜினைப் பிரித்துச் சரிபண்ணிய பிறகும் சாவி உங்கள் சட்டைப் பையிலிருந்து வெளியே வரவில்லை. வேறு பள்ளியில் வேலை கிடைத்து, நான் பதினொரு வருடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்தேன். லைசென்ஸ் மட்டும் கைப்பையில் சும்மா கிடந்தது.

சரி, மீட்டர் கதைக்கு வருகிறேன். தார்ப்பாயை எடுத்து, பேட்டரி மாற்றி, சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு நடுவில் இருக்கிற அந்த டிஜிட்டல் மீட்டரில் ஒன்றுமே இல்லை. உற்றுப் பார்த்தால் ஒரு எட்டு, பாதி மூன்று. உங்கள் கடைசிக் காலத்தில் காதால் கேட்டுத்தான் வேகத்தைக் கண்டுபிடித்தீர்களோ என்னவோ. தென்காசியில் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். மீட்டரையே மாற்றணும், இந்த மாடலுக்குச் சாமான் வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மேலகரத்தில் சாகுல் அண்ணாச்சி என்று ஒருவர், சார்ஜாவில் இருபது வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர், வீட்டு முன்னறையில் பண்ணித் தருகிறார் என்று எங்கள் பள்ளிக்கூட வாட்ச்மேன்தான் சொன்னார்.

சாகுல் அண்ணாச்சி மீட்டரைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மேல ஒட்டியிருக்க தாள் வெயில்ல வெந்துட்டு டீச்சர். எண்ணு உள்ள இருக்கு, நம்ம கண்ணுக்குத்தான் தெரியல" என்றார். பழைய தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுத் தாளை உள்கண்ணாடி மேல் பிடித்து மெதுவாகச் சுற்றினார். ஒரு பக்கம் திருப்பினால் எண்கள் மறைந்தன, இன்னொரு பக்கம் திருப்பினால் கன்னங்கரேலென்று எழுந்து நின்றன. நான் சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு பின்பக்கத்தைத் திறந்தார். ஒயர் மாட்டுகிற பித்தளைக் காலெல்லாம் பச்சை பூத்திருந்தது. "தண்ணி எறங்கியிருக்கு. மழைத் தண்ணி இல்ல. இங்கன பாருங்க, சந்தனம்." ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீங்கள் மீட்டர் கண்ணாடியில் வைக்கிற பொட்டு. நீர்க்கக் குழைத்த சந்தனம் ஓரமாக வழிந்து உள்ளே போயிருக்கிறது. எல்லா வண்டிக்காரரும் பண்ணுகிற வேலைதான், தானே இதுவரை இப்படிப் பத்து மீட்டர் பார்த்துவிட்டதாக அண்ணாச்சி சொல்லிச் சிரித்தார்.

அந்தப் பொட்டைப் பிளேடால் நெம்பினார். வருடா வருடம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது, தடித்து, ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. அதற்கு அடியில் கறுப்பு டேப். நகத்தளவு, கத்தரியால் வட்டமாக வெட்டி ஒட்டிய டேப். டேப்பைப் பிய்த்ததும் அடியில் ஒரு சின்ன விளக்கு. என்ஜின் சூடானால் சிவப்பாக எரிகிற விளக்கு.

"யாரு செஞ்சாவளோ, சுத்தமா வெட்டியிருக்காவ" என்றார் சாகுல் அண்ணாச்சி. "ரேடியேட்டர் ஒழுகியிருக்கும். லைட்டு சும்மா சும்மா எரிஞ்சிருக்கும். எரிச்சல்ல மூடியிருப்பாவ. ஆனா டீச்சர், இத மூடிட்டு வண்டிய வேற ஆள் கையில குடுக்கக் கூடாது."

யார் செய்தது என்று நான் சொல்லவில்லை. நாற்பது வருடம் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியால் காயில் சுற்றி டேப் ஒட்டிய கை எது என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் ஒருநாளும் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்ததில்லை. கத்தரி இல்லாமல் ஒரு அங்குலம்கூட வெட்ட மாட்டீர்கள்.

டிக்கியில் எப்போதும் இரண்டு கேன் தண்ணீர் இருக்குமே, அதுவும் இப்போதுதான் புரிகிறது. கேட்டால், அருவித் தண்ணி, வீட்டுக்குக் குடிக்க என்பீர்கள். குடிக்க ஒருநாளாவது தந்தீர்களா? பாதி வழியில் நிறுத்தி ரேடியேட்டருக்கு ஊற்றியிருக்கிறீர்கள். ஒழுகுவது தெரிந்திருக்கிறது. விளக்கை மூடியதும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சாவியைத் தந்த காலையில் மட்டும் மறந்துவிட்டதா? மறந்திருந்தால்கூடப் போகட்டும் என்பேன். டீக்கடை முன்னால் மீட்டரைப் பார்க்கவில்லையா என்று கத்தினீர்களே, அப்போதாவது நினைவு வந்திருக்குமே?

அதற்குப் பிறகும் ஏன் அந்த டேப்பை எடுக்கவில்லை? எடுத்தால் ஒட்டியது தெரிந்துவிடும். அதுதானே? சாமிக்கு வைத்த பொட்டை யாரும் தொட மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பொட்டுக்கு வருடா வருடம் சந்தனம் உரைத்துக் கிண்ணத்தில் தந்தவள் நான். என் மேல் பழி போட்ட உங்கள் தப்பை மூட என் கையாலேயே சந்தனம் வாங்கியிருக்கிறீர்கள். எப்படி அப்பா மனசு வந்தது?

வீட்டுக்கு வந்து அம்மாவின் உள்ளங்கையில் அந்தப் பொட்டை டேப்போடு வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அம்மா அந்த டேப்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஒங்கப்பா அன்னைக்குச் சோறு திங்கலட்டி. மறுநாளும் திங்கல. வண்டி போச்சேன்னு நெனச்சேன்" என்றாள். "மனசுக்குள்ள வச்சுத்தான் மருகியிருக்காவ. விட்டுரு."

நீங்கள் இரண்டு நாள் பட்டினி கிடந்தது எனக்கு எதற்கு? ஒரு வாக்கியம் போதுமே. தப்பு என்னோடது என்று, அந்த டீக்கடைக்காரரிடம் வேண்டாம், வீட்டுக்குள் நம் நாலு பேரிடம் சொல்லியிருந்தால் போதும். ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே. என் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டீர்களே. அதைக் கேட்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா?

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்காரவில்லை. மன்னிக்கவில்லை. நீங்கள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்பதும் உண்மை, இன்னும் ஒருநாள் உயிரோடு வந்தால் முதலில் சண்டைதான் போடுவேன் என்பதும் உண்மை.

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். தெருமுனையில் சித்தப்பா நின்றிருந்தார். "பாத்துட்டி, வண்டியக் கெடுத்துராத" என்று வழக்கம்போல ஆரம்பித்தார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா கண்ணாடியை இறக்கினாள். "அவ கெடுக்கல. அத இனிமே யாரும் சொல்லக் கூடாது" என்றாள். உங்கள் பெயரை அவள் சொல்லவில்லை, உங்களுக்காக அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது.

வருகிற ஆயுத பூஜைக்கும் சந்தனம் உரைப்பேன். ஸ்டியரிங்குக்கு வைப்பேன், நாலு டயருக்கும் வைப்பேன், மீட்டருக்கு வைக்க மாட்டேன். வண்டியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் சாவியைத் திருப்பிவிட்டு, அந்தச் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிற வரைக்கும் காத்திருப்பேன். அதுவரை உங்களைத் திட்டுவேன். அணைந்ததும் கிளம்பிவிடுவேன். இது சத்தியம்.

வண்டியைக் கெடுக்காத
உங்கள் மகள்,
செண்பகா