கூடாரத்துக்கு வெளியே கேட்ட அழுகை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டிவலி குறைஞ்சுதா? நாங்க சௌக்கியம்.

லீவுக்குக் குழந்தைகளோட காட்டுல கூடாரம் போட்டுத் தங்கினோம். உன் மாப்பிள்ளை கூடாரத்தோட மல்லுக்கு நின்னதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். சாயங்காலம் நான் நூடுல்ஸ் கிண்டும்போது, ஏதோ ஒரு குழந்தை இந்த ஊர் பாஷையில அம்மாவைக் கூப்பிட்டு அழுதுச்சு. பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சாளோன்னு திட்டிக்கிட்டே கிண்டினேன். கடைசியில பக்கத்துக் கூடாரத்துக்காரி கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தது நம்ம சின்னவனை. குழாயடிக்குப் போனவன் வழி தெரியாம நின்னிருக்கான்.

ஒண்ணும் ஆகலை, பயப்படாதே. ஆனா என் வயித்துல பொறந்தவன் குரல் எனக்கே தெரியலையேம்மா. அப்புறம் நான் எதுக்கு இங்க இருக்கேன்?

அடுத்த தடவை ஃபோன்ல அவனை ஒரு தரம் தமிழ்ல "அம்மா"ன்னு கூப்பிடச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லிடாதே. பக்கத்து ரூம்ல நின்னு கேட்டுக்கறேன்.

குக்கர் கூப்பிடுது, நிறுத்தறேன்.

உன் பொண்ணு