குழி இல்லை என்ற கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரே கடிதம்தான். நம் தாதுவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, அவர்கள் மொழியிலேயே. ‘எங்கள் நிலத்தில் ஆட்கள் இறங்கித் தோண்டும் குழிகள் கிடையாது, முழுக்க இயந்திர வேலை.’ டைப் அடிக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே அண்ணன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். காலையில் கயிற்றைப் பிடித்துக் குழிக்குள் இறங்கி வெட்டிய கல். சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அப்ப நான் யாரு, பேயா? பேய்க்கு லீவு உண்டான்னு உங்க மேனேஜரைக் கேளு.”

எனக்கும் சிரிப்பு வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணி துணி பிழிந்துகொண்டே சொன்னாள்: “அந்தக் குழி வேண்டாம்னு உங்கண்ணன்கிட்ட நீ சொல்லேன். அடியில பக்கவாட்டுல ரொம்ப தூரம் தோண்டிட்டாங்களாம், மேல்மண்ணு சரியாம இருக்க முட்டு கூட கொடுக்கல. நீ சொன்னாத்தான் கேப்பாரு.”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 10

சொல்லவில்லை. ஆபீசில் வேலை அதிகம்.

மார்ச் 12, புதன்

குழி சரிந்துவிட்டது. காலை பத்தேகாலுக்கு. அண்ணன் உள்ளே.

மார்ச் 13

மேனேஜர் காலில் விழுந்தேன். மண் அள்ளும் மிஷின் சும்மாதானே நிற்கிறது, அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். குரலைக்கூட உயர்த்தவில்லை அவர்.

“இங்க குழியே இல்லைன்னு நீதானேம்மா டைப் பண்ணே? அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்க. இப்ப மிஷின் போனா என்ன அர்த்தம்?”

நான்தான். நான்தானே அடித்தேன்.

ஆண்கள் மண்வெட்டியால் தோண்டுகிறார்கள். அண்ணி வெறும் கையால்.

மார்ச் 15, சனி

மிஷின் வந்தது. தோண்ட இல்லை — மூட.

அண்ணி அதன் முன்னால் படுத்துவிட்டாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கடக்கும்போது, “நீ அவர்கிட்ட சொல்லவே இல்லைல்ல?” என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

மார்ச் 19, புதன்

வந்தார்கள். மூன்று பேர். சமப்படுத்திய மண்மேல் நின்று போட்டோ எடுத்தார்கள். அதில் ஒரு அம்மா, இங்கே ஆட்கள் இறங்கித் தோண்டுவதுண்டா என்று என்னிடம் கேட்கும்படி மொழிபெயர்ப்பவரிடம் சொன்னாள். அவர் கேட்டார். பக்கத்திலேயே மேனேஜர்.

“அவங்க நிக்கிற இடத்துக்குக் கீழ எங்கண்ணன் இருக்கான்.”

மொழிபெயர்ப்பவர் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் மொழி எனக்குக் கொஞ்சம் வருமே — நானே சொன்னேன். அந்த அம்மா சட்டென்று தள்ளி நின்றாள். பிறகு எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 20

வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். “உள்ள விடக்கூடாதுன்னுட்டாங்கம்மா. என்னைத் தப்பா நினைக்காதே.”

ஏப்ரல் 6, ஞாயிறு

தாது ஏற்றிய கப்பல் கிளம்பிவிட்டதாம். நிறைய சரக்கோடு. அன்றைக்குப் போகும்போது அந்த அம்மா நோட்டில் ஏதோ எழுதினாளே? அண்ணனைப் பற்றி விசாரிக்க யாருமே வரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

இன்றிலிருந்து எனக்குக் கல் உடைக்கும் களத்தில் வேலை. அண்ணியும் அங்கேதான். நான் தள்ளி உட்கார்ந்தேன். உச்சிவேளையில் எழுந்து வந்தாள். தோளில் கிடந்த துணியை எடுத்து, கண்ணுக்குக் கீழே என் முகத்தை மூடி இறுக்கிக் கட்டினாள்.

“தூசியை முழுங்காதே. அவர் ஜாடையில மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான்.”

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள்.